நீண்ட டிரெய்லரின் பின் சக்கரங்களையும் திருப்புவது: டெல்டாச் சாலைகளுக்கு அளந்து, பொருத்தி, சோதிக்கும் முறை

தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் செல்லும் 83ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நாற்பது அடி டிரெய்லரை ஓட்டிச் செல்வது அப்படியொன்றும் கடினமான வேலை அல்ல. அந்தச் சாலையை விட்டு இறங்கி, வெண்ணாற்றங்கரையையோ வெட்டாற்றங்கரையையோ பிடித்து ஓர் அரிசி ஆலைக்கோ கட்டுமானப் பணியிடத்துக்கோ போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கரைச்சாலை ஆற்றோடு ஒட்டி நேராக ஓடிவந்து, பாலம் வந்ததும் செங்கோணத்தில் திரும்பும். ஒருபுறம் ஆற்றுச் சரிவு, மறுபுறம் பாசன வாய்க்கால், திருப்பத்தின் உள்மூலையில் பாலத்தின் கைப்பிடிச் சுவர், வெளிமூலையில் ஒரு மின்மாற்றியோ தேநீர்க் கடையோ இருக்கும். முன்னால் இழுக்கும் வண்டி தாராளமாகத் திரும்பிவிடும், ஆனால் டிரெய்லரின் பின் சக்கரங்கள் அதன் தடத்தில் வராமல் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வந்து கைப்பிடிச் சுவரில் ஏறும்.

பின் சக்கரங்களையும் திருப்பும் கட்டுப்பாட்டுக் கருவி இதற்காகவே உருவானது. அதை வாங்க எண்ணும் உரிமையாளருக்கும், பொருத்திப் பராமரிக்கப் போகும் பட்டறைக்காரருக்கும், ஓட்டப் போகிறவருக்கும் உதவும்படி இங்கே எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: விற்பவர்கள் காட்டும் படங்களில் வண்டி முழு வட்டத்தில் அழகாகச் சுற்றிவரும், ஆனால் டெல்டாவின் சாலைகளில் டிரெய்லர் இடிப்பது திருப்பத்துக்குள் நுழையும் சில மீட்டர்களிலும் வெளியேறும் சில மீட்டர்களிலும்தான். கருவியைத் தேர்ந்தெடுப்பதும் சரிசெய்வதும் அந்த மீட்டர்களை மனத்தில் வைத்தே நடக்க வேண்டும்.

வண்டிக்கு முன்னால் சாலையை அளப்பது

வண்டி வழக்கமாகப் போகும் தடங்களில் மிக இறுக்கமான மூன்று நான்கு திருப்பங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் சாலையின் வெளி ஓரத்தில் 10 மீட்டர் நீளக் கயிற்றின் இரு முனைகளையும் விளிம்பைத் தொடும்படி இழுத்துப் பிடித்து, கயிற்றின் நடுப்புள்ளியிலிருந்து விளிம்பு எவ்வளவு விலகி வளைந்திருக்கிறது என்று டேப்பால் அளக்க வேண்டும். கயிற்று நீளத்தின் வர்க்கத்தை அந்த விலகலின் எட்டு மடங்கால் வகுத்து, விலகலில் பாதியைக் கூட்டினால் வளைவின் ஆரம் கிடைக்கும். விலகல் 0.86 மீட்டராக இருந்தால், 100ஐ 6.88ஆல் வகுத்து 0.43ஐக் கூட்ட, ஆரம் ஏறத்தாழ 15 மீட்டர் என்று வரும். இதிலிருந்து வண்டியின் பாதி அகலமான 1.3 மீட்டரையும், இழுவை வண்டியின் முன்மூலை வெளிப்புறம் வீசும் அளவையும், ஓர் ஒதுக்கத்தையும் சேர்த்து மொத்தம் 3 மீட்டர் கழித்தால், கிங் பின் (டிரெய்லரின் முன்பகுதிக்கு அடியில், இழுவை வண்டியோடு அதை இணைக்கும் இரும்பு முளை) 12 மீட்டர் ஆரத்தில் செல்லும் என்று வைத்துக்கொள்ளலாம்.

அளப்பதற்கு ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிந்திய ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கோடையில் அகலமாகத் தெரியும் மண் ஓரம் மழையில் ஊறியபின் சக்கரத்தைத் தாங்காது என்பது கரைச்சாலையில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஆகவே தார் விளிம்போடு அளவை நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி கணக்கைப் பார்ப்போம். கிங் பின்னிலிருந்து மூன்று அச்சுகளில் நடு அச்சு வரை 8 மீட்டரும், டிரெய்லரின் கடைசி முனை வரை 11 மீட்டரும் உள்ள ஒரு நாற்பது அடி டிரெய்லரை எடுத்துக்கொள்வோம். பின் சக்கரங்கள் திரும்பாதவை என்றால், கிங் பின் 12 மீட்டர் ஆரத்தில் தொடர்ந்து சுற்றும்போது நடு அச்சு செல்லும் ஆரம் 144இலிருந்து 64ஐக் கழித்து வர்க்கமூலம் கண்டால் வரும் 8.94 மீட்டர். அதாவது டிரெய்லர் 3 மீட்டருக்கும் சற்று அதிகமாக உள்ளே வெட்டுகிறது. பாதி அகலத்தையும் சேர்த்தால் அந்தத் திருப்பத்துக்கு 7.36 மீட்டர் அகலச் சாலை தேவைப்படும். அதே டிரெய்லரின் பின்முனை கிங் பின் சென்ற தடத்திலேயே வருமாறு சக்கரங்கள் திருப்பப்பட்டால், உள்வெட்டு 1.33 மீட்டராகக் குறையும், 5.6 மீட்டர் அகலம் போதும். இவை முழு வட்டத்துக்கான கணக்குகள். செங்கோணத் திருப்பம் வெட்டு முழு அளவை எட்டுமுன்பே முடிந்துவிடுவதால் உண்மையான தேவை சற்றுக் குறைவாக இருக்கும். அந்த மிச்சத்தை ஒதுக்கமாக விட்டுவிடுங்கள்.

இந்த இரு அகலங்களுக்கும் இடையில் உங்கள் சாலை ஒன்றுகூட விழவில்லை என்றால் கருவி வேண்டாம். திருச்சியிலிருந்து காரைக்கால் துறைமுகத்துக்கு நெடுஞ்சாலை வழியாகவே போய்வரும் டிரெய்லருக்கு அந்தப் பணத்தை நல்ல டயர்களில் செலவிடுவதே அறிவு.

மூன்று வகைகள்

திரும்பும் அச்சுகளில் எளியது, பக்கவாட்டு விசைக்கு இசைந்து தானே திரும்பிக்கொள்ளும் அச்சு. விலை குறைவு, டயர் தேய்மானத்தையும் குறைக்கும். ஆனால் பின்னோக்கி ஓட்டும்போது பூட்டியே ஆக வேண்டும். ஈர மண்ணில் பக்கவாட்டுப் பிடிப்பு குறைந்தால் அது திரும்ப மறுப்பதும் உண்டு. அடுத்தது, இழுவை வண்டிக்கும் டிரெய்லருக்கும் இடையிலான கோணத்தை இரும்புத் தண்டுகளாலோ ஹைட்ராலிக் குழாய்களாலோ பின் அச்சுகளுக்குக் கடத்தி, அந்தக் கோணத்துக்கு நேர் விகிதத்தில் சக்கரங்களை எதிர்ப்புறம் திருப்பும் முறை. நெதர்லாந்தின் டிரைடெக் போன்ற நிறுவனங்கள் இவ்வகையை நெடுங்காலமாகச் செய்துவருகின்றன.

இரண்டாம் வகை முழு வட்டத்தில் நன்றாக வேலை செய்கிறது. நுழைவில்தான் அதன் குறை தெரியும். இழுவை வண்டி திரும்பத் தொடங்கிய உடனே கோணம் உண்டாகிறது, கோணம் உண்டானதும் பின் சக்கரங்கள் திரும்புகின்றன. ஆனால் அந்த நேரத்தில் பின் சக்கரங்கள் இன்னும் நேர்ச்சாலையில்தான் இருக்கின்றன. விளைவாக, டிரெய்லரின் வால் திருப்பத்துக்கு எதிர்ப்பக்கம் வெளியே வீசுகிறது. கைப்பிடிச் சுவரைக் காப்பாற்றப் போய் எதிரோரத்து மின்கம்பத்தில் இடிப்பதற்கு இதுவே காரணம். ஓட்டுநரின் கண்ணாடியில் அந்தப் பக்கம் அப்போது தெரியாது என்பது இதை இன்னும் மோசமாக்குகிறது.

மூன்றாம் வகையே உண்மையான செயற்படு கட்டுப்பாடு. கிங் பின் எந்தப் புள்ளிகள் வழியாகச் சென்றது என்பதைக் கணினி நினைவில் வைத்துக்கொண்டு, டிரெய்லரின் பின்முனை அதே புள்ளிகள் வழியாக வரும்படி ஒவ்வோர் அச்சையும் ஹைட்ராலிக் சிலிண்டரால் திருப்புகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டேவிட் சீபன் வழிநடத்திய ஆய்வுக்குழு இந்த வழித்தொடர் முறையைச் சோதனை வண்டிகளில் விரிவாக ஆராய்ந்திருக்கிறது. ஐரோப்பாவில் நீண்ட வண்டிகள் 12.5 மீட்டர் வெளி ஆரத்துக்கும் 5.3 மீட்டர் உள் ஆரத்துக்கும் இடைப்பட்ட வளையத்துக்குள் சுற்றிவர வேண்டும் என்ற விதி இத்தகைய அச்சுகளுக்கான தேவையை வளர்த்தது. பிரிட்டனில் 2012இல் சோதனையாகத் தொடங்கி 2023 மே மாத இறுதியில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த 15.65 மீட்டர் டிரெய்லர்களும் திரும்பும் அச்சுகளின் துணையோடுதான் அந்த வளையத்துக்குள் அடங்குகின்றன. ஆற்றங்கரைத் திருப்பங்களுக்கு என் பரிந்துரை இந்த மூன்றாம் வகையே. கையில் பணம் இல்லாதபோது இரண்டாம் வகையைவிட முதல் வகையோடு நின்றுகொள்வது பாதுகாப்பு.

ஏற்கெனவே ஓடும் டிரெய்லரில் இதைப் பொருத்த நினைப்பவர்கள், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை மறக்கக் கூடாது. தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து மாறும்படி வண்டியை உரிய அனுமதியின்றி மாற்றியமைப்பதை அது தடுக்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டறிந்த பின்னரே வெல்டிங் தீப்பொறி பறக்கட்டும்.

பொருத்துமுன் எழுதிக்கொள்ள வேண்டிய கோணங்கள்

கருவியின் கணினியில் ஊட்ட வேண்டிய முதல் முடிவு, டிரெய்லரின் எந்தப் புள்ளி கிங் பின்னைத் தொடர வேண்டும் என்பது. நடு அச்சைத் தொடரச் செய்தால் உள்வெட்டு 0.69 மீட்டர்தான் என்று கணக்கு ஆசை காட்டும். ஆனால் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் 3 மீட்டர் வால், தடத்துக்கு வெளியே 1.3 மீட்டர் வீசும். மின்கம்பங்கள் தார் விளிம்பை ஒட்டியே நிற்கும் நம் ஊர்ச் சாலைகளில் பின்முனையையே தேர்ந்தெடுங்கள்.

பின்முனையைத் தேர்ந்தால், நமது எடுத்துக்காட்டு டிரெய்லர் 12 மீட்டர் ஆரத்தில் சுற்றும்போது இழுவை வண்டியோடு ஏறக்குறைய 27 பாகைக் கோணத்தில் இருக்கும். நடு அச்சு 13 பாகை திரும்ப வேண்டும். அச்சுகளுக்கு இடையே 1.36 மீட்டர் இடைவெளி என்றால் முன் அச்சுக்கு 6 பாகையும் பின் அச்சுக்கு ஏறத்தாழ 20 பாகையும் தேவை. மூன்றையும் ஒரே கோணத்தில் திருப்பினால் அவை ஒரே மையத்தைச் சுற்றாமல் ஒன்றையொன்று பக்கவாட்டில் இழுக்கும். திருவாரூர் ஆழித்தேர் வீதி முனையில் திரும்பும்போது சக்கரங்கள் பக்கவாட்டில் இழுபட்டு நகர்வதைப் பார்த்தவர்களுக்கு, திரும்பாத மூன்று அச்சுகள் டயரை எப்படித் தின்னும் என்று விளக்க வேண்டியதில்லை. உங்கள் அச்சின் இயந்திர வரம்பு 20 பாகைக்குக் குறைவாக இருந்தால் இந்தத் திருப்பத்தில் அது முட்டிக்கொண்டு நிற்கும் என்பதையும் இந்தக் கணக்கு முன்கூட்டியே சொல்லிவிடும்.

கிங் பின்னின் தேய்மானத்தையும் இப்போதே பாருங்கள். இரண்டு அங்குல கிங் பின் புதிதாக 50.8 மில்லிமீட்டர் இருக்கும். 49க்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். கிங் பின்னைப் பூட்டிப் பிடிக்கும் இழுவை வண்டியின் இணைப்புத் தட்டான ஃபிஃப்த் வீலில் ஆட்டம் இருந்தால் கோண சென்சார் அந்த ஆட்டத்தையும் திருப்பம் என்றே நம்பும். மின்னிணைப்பைப் பொறுத்தவரை, இழுவை வண்டியிலிருந்து டிரெய்லருக்கு வரும் ஏழு ஊசிகள் கொண்ட ஐஎஸ்ஓ 7638 பிளக்கில் மின்சாரத்தோடு தரவுக் கம்பிகளும் வரும், ஐந்து ஊசி பிளக்கில் வராது. பழைய இழுவை வண்டியோடு புதிய டிரெய்லரை மாட்டும்போது இதைப் பார்க்காமல் விடுவோர் அதிகம்.

சுழியும் தூரமும்

கருவி நன்றாக வேலை செய்வதும் செய்யாததும் இரண்டே அளவீடுகளைச் சார்ந்தது. முதலாவது, நேராக நிற்கும் நிலை எது என்று சென்சார்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. அச்சுகளின் இந்தச் சுழிநிலை (பூஜ்ய நிலை) ஒரே ஒரு பாகை தவறினாலும், நேர்ச்சாலையில் நடு அச்சு 14 சென்டிமீட்டரும் பின்முனை 19 சென்டிமீட்டரும் பக்கவாட்டில் விலகி, டிரெய்லர் நண்டுபோல் ஓடும். சமதளமான இடத்தில் வண்டியை நடை வேகத்தில் ஐம்பது அறுபது மீட்டர் நேராக ஓட்டி, பிரேக்கை மெல்ல அழுத்தி நிறுத்தி, கிங் பின்னிலிருந்து நடு அச்சின் இரு முனைகளுக்கும் உள்ள தூரத்தை டேப்பால் ஒப்பிட்டு, இரண்டும் சமமான பிறகே சுழியைப் பதிவு செய்ய வேண்டும். நிற்கும் வண்டியின் சக்கரங்களைத் திருப்பி நேராக்கிவிட்டுப் பதிவு செய்யக் கூடாது. முறுக்கிக்கொண்ட டயர் விடுபடும்போது அந்தச் சுழி பொய்யாகிவிடும். சாலையின் நடுமேடு வண்டியை ஓரத்துக்குச் சாய்க்கும் என்பதால் சாலையிலும் இதைச் செய்ய வேண்டாம்.

இரண்டாவது தூரம். பின்முனை, கிங் பின் செய்ததை 11 மீட்டர் கழித்துச் செய்ய வேண்டும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 11 மீட்டரைக் கடக்க 8 வினாடி ஆகும், 15 கிலோமீட்டரில் 2.6 வினாடிதான் ஆகும். எனவே நேரத்தை வைத்துத் தாமதப்படுத்தும் மலிவான கருவி எல்லா வேகத்துக்கும் சரிவராது. நல்ல கருவி 10 சென்டிமீட்டருக்கு ஒரு பதிவு என்று தூரத்தையே எண்ணும். அந்த எண்ணிக்கை டிரெய்லர் சக்கரத்தின் சுழற்சியை அறியும் ஏபிஎஸ் பிரேக் சென்சாரிலிருந்து வருவதால் டயரின் சுற்றளவு சரியாக ஊட்டப்பட்டிருக்க வேண்டும். டயரிலும் தரையிலும் சுண்ணாம்புக் குறி இட்டு, சுமையோடு பத்துச் சுற்று உருட்டி, கடந்த தூரத்தைப் பத்தால் வகுத்து அந்த அளவை எடுங்கள். டயர் நிறுவனத்தின் அட்டையிலிருந்து எடுத்து எழுத வேண்டாம்.

நெற்களத்தில் சோதனை

அரிசி ஆலைகளில் அவித்த நெல் காயப்போடும் சிமென்ட் களம் இதற்கு மிகப் பொருத்தமான இடம். அரவை இல்லாத நாளில் ஆலைக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பிளாஸ்டிக் கேன்களில் ஒன்றில் மஞ்சள் கரைத்த நீரும் மற்றொன்றில் துணிக்குப் போடும் நீலம் கரைத்த நீரும் நிரப்பி, அடியில் ஆணித்துளை இட்டு, மஞ்சள் கேனிலிருந்து ஒரு குழாயை ஃபிஃப்த் வீலின் நேர்கீழே தரைக்கு அருகில் சொட்டுமாறும், நீலக் கேனைப் பின் பம்பரின் நடுவிலும் கட்டுங்கள். நேராக இருபது மீட்டர் வந்து, செங்கோணத்தில் திரும்பி, மீண்டும் இருபது மீட்டர் நேராகச் செல்லச் சொல்லுங்கள். தரையில் இரு நிறக் கோடுகள் கிடைக்கும். பட்டறைக் கணினியின் திரையைவிட அந்தக் கோடுகளை நம்பலாம்.

திருப்பத்தின் நடுப்பகுதியில் நீலக்கோடு உள்ளே இருந்தால், ஊட்டிய நீள அளவுகள் தவறாக இருக்கலாம், அல்லது ஏதோ ஒரு சிலிண்டர் தன் எல்லையில் முட்டி நிற்கலாம். நுழைவில் நீலக்கோடு வெளியே வீசி, வெளியேறும் இடத்தில் உள்ளே வெட்டினால், சக்கரங்கள் முந்திக்கொண்டு திரும்புகின்றன என்று பொருள். ஊட்டிய டயர் சுற்றளவு உண்மையைவிட அதிகம். நுழைவில் உள்ளே வெட்டி, வெளியேறும்போது வெளியே வீசினால் அது பிந்துகிறது. சுற்றளவு குறைவாகவோ, எண்ணெய் அழுத்தம் போதாமல் சிலிண்டர் மந்தமாகவோ இருக்கும். இந்த இரண்டையும் பிரித்தறிய அதே திருப்பத்தை இன்னும் மெதுவாக எடுத்துப் பாருங்கள். மெதுவாகப் போகும்போது பிழை குறைந்தால் குற்றம் எண்ணெயில், குறையாவிட்டால் சுற்றளவில். நேர்க்கோட்டில் இரு நிறங்களும் இணையாக விலகி ஓடினாலோ, இடத் திருப்பமும் வலத் திருப்பமும் வேறு வேறு விதமாக வந்தாலோ சுழிக்குத் திரும்புங்கள். காலி வண்டியோடு ஒருமுறை, முழுச் சுமையோடு ஒருமுறை எனச் செய்யாமல் சோதனையை முடிக்கக் கூடாது. சுமை மாறும்போது மூன்று அச்சுகளும் தரையைப் பிடிக்கும் பங்கு மாறுகிறது.

களத்தை விட்டுக் கிளம்புமுன் கருவியைத் திருப்பத்தின் நடுவில் வேண்டுமென்றே செயலிழக்கச் செய்யுங்கள். சென்சார் கம்பி ஒன்றைக் கழற்றினால் ஓட்டுநர் அறையில் விளக்கு எரிய வேண்டும். அச்சுகள் தாமே நேராகிப் பூட்டிக்கொள்ள வேண்டும், அல்லது தயாரிப்பாளர் சொன்னபடி மெல்ல நேர்நிலைக்கு வர வேண்டும். அப்படி வராத வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள்.

ஓட்டுநர் விட வேண்டிய பழக்கம்

அனுபவமுள்ள ஓட்டுநர் இடப்புறம் திரும்புமுன் வண்டியை வலப்புறம் ஒடித்து இடம் எடுத்துக்கொள்வார். உள்வெட்டைத் தாங்க அது சரியான வித்தை. ஆனால் இந்தக் கருவி அந்த ஒடிப்பையும் சேர்த்தே நினைவில் வைத்து, பதினொரு மீட்டர் கழித்து வாலையும் அதேபோல் வலப்புறம் தள்ளும். ஆகவே வண்டி செல்ல வேண்டிய தடத்தில் கிங் பின்னைக் கொண்டுசென்றால் போதும் என்பதை அவர் பழகிக்கொள்ள வேண்டும். இருபது ஆண்டு ஓட்டியவர்களுக்கு இது புதிதாக ஓட்ட வருபவரைவிடக் கடினம். அவர்களைக் களத்திலேயே நாள் முழுதும் ஓட்டவிடுங்கள். திருப்பத்தின் நடுவே எஞ்சினை அணைத்தால் சில கருவிகளில் நினைவு அழிந்துவிடும். ரயில்வே கேட்டில் வரிசையில் நிற்பவர்கள் எஞ்சினை அணைப்பது வழக்கம் என்பதால், உங்கள் கருவி மறக்குமா மறக்காதா என்பதைக் களத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

பின்னோக்கி வரும்போது வழிகாட்டுவது வால், தொடர்வது முன்பகுதி. நினைவில் உள்ள தடம் பயன்படாது. வந்த வழியே திரும்பப் போகும் சிறு தூரம் தவிர மற்ற இடங்களில் அச்சுகளைப் பூட்டி வழக்கம்போல் ஓட்டுவதும், இடம் மிகக் குறுகியபோது கிளீனர் கையில் ரிமோட்டோடு பின்னால் நடந்துவந்து அச்சுகளைத் திருப்புவதும் ஏற்ற முறைகள். நெடுஞ்சாலை வேகத்தில் அச்சுகள் நேராகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். அந்த வேகத்தில் பின் சக்கரங்கள் எதிர்ப்புறம் திரும்பினால், தடம் மாறும்போது உண்டாகும் சிறு அசைவையும் டிரெய்லர் பெரிதாக்கிவிடும்.

தை, மாசியில் சம்பா அறுவடையின்போது சாலையில் வைக்கோலும் நெல்லும் பரப்பியிருப்பார்கள். வைக்கோல் திரிதிரியாகச் சுற்றிக்கொண்டு ஏபிஎஸ் சென்சார் கம்பியை இழுத்து அறுப்பதை அந்த மாதங்களில் தினமும் எதிர்பார்க்கலாம். மாலையில் குனிந்து பார்த்து வெட்டி எடுங்கள். மழை மாதங்களில் வண்டல் களிமண் சிலிண்டர் தண்டில் காய்ந்து ஒட்டினால் அடுத்த அசைவிலேயே ஆயில் சீலைக் கீறிவிடும் என்பதால் ஈரம் உலருமுன் கழுவ வேண்டும். நாகப்பட்டினம், காரைக்கால் தடத்தில் ஓடும் வண்டிகளுக்கு உப்புக் காற்று பிளக் ஊசிகளில் பச்சை பூக்கச் செய்யும். மாதம் ஒருமுறை கழற்றித் துடைத்து மின்கிரீஸ் தடவினால் அது கட்டுப்படும்.

டயர் தேயத் தேய டயர் சுற்றளவு குறைகிறது. டயரின் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேல்தளப் புடைப்பு) 12 மில்லிமீட்டர் தேய்ந்தால், அரை மீட்டர் ஆரமுள்ள சக்கரத்தில் அது 2.4 சதவீதம், 11 மீட்டரில் 26 சென்டிமீட்டர் முந்தல். எனவே டயர் மாற்றும் ஒவ்வொரு முறையும், ரீட்ரெட் டயர் (மேல்தளம் புதிதாக ஒட்டிய பழைய டயர்) போடும்போது கட்டாயமாகவும், பத்துச் சுற்று உருட்டி அளந்து புதிய எண்ணை ஊட்டுங்கள். இடையில் நுழைவுகளில் வால் வெளியே வீசுவதாக ஓட்டுநர் சொன்னால், வேறு எதையும் திருகுமுன் அந்த எண்ணையே முதலில் சரிபாருங்கள்.